தண்ணீர் உறுதிமொழி

தண்ணீரை மட்டும் நினைக்கக் கூடாது, மற்றபடி எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம் என்று மரகதம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் எதிர்ச் சுவரிலிருந்து அவளே அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஆளுயரப் படம். கையில் நீல பாட்டில், உதட்டில் பட்டும் படாமலும் அதன் வாய், தலைக்கு மேலே 'தண்ணீர் குடிப்போம், நலமாய் இருப்போம்' என்று கொட்டை எழுத்து. படம் எடுத்த அன்று அந்த பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடித்துக்கொண்டே சிரிக்கணும் என்றான் படம் எடுக்க வந்தவன். குடிக்கிற வாயால் எந்த ஊரில் சிரிப்பார்கள் என்று கேட்க நினைத்தவள், கேட்காமல் இளித்து வைத்தாள். அந்த இளிப்பைத்தான் இப்போது நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அடிவயிறு கல்லாகக் கனத்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது, சிவப்பு ஒயரை எடு, செருகு, கிளிக், கறுப்பு ஒயரை எடு, செருகு, கிளிக். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புகிற கம்பெனி அது, ஒரகடம் பக்கம். பலகைகள் சங்கிலியில் மெல்ல நகர்ந்து வரும். பலகை தன்னைக் கடப்பதற்குள் ஒவ்வொருத்தியும் தன் பங்கு ஒயர்களைச் செருகிவிட வேண்டும், விட்டால் அந்த ஓட்டை அப்படியே அடுத்தவளிடம் போகும், அங்கிருந்து கார் வரைக்கும் போகும். அதனால் நின்ற இடத்தை விட்டு ஒருத்தியும் அசைய முடியாது, அசைய வேண்டுமென்றால் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். சிவப்பு, கிளிக். கறுப்பு, கிளிக். காலை மாற்றி நின்றாள். மாற்றாமலே இருந்திருக்கலாம், மாற்றியதில் கனம் இன்னும் கீழே இறங்கியது.

எல்லாம் காலையில் நடந்த அந்தக் கூத்தால் வந்தது. ஊழியர் நல வாரம் என்று வாசலில் பலூன் கட்டி, ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு நீல பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். நிறைத்தே கொடுத்தார்கள். எச்.ஆர். அபிநயா மேடம் மைக்கைப் பிடித்து உறுதிமொழி சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். என் உடல்நலம் என் பொறுப்பு. நாள்தோறும் போதிய தண்ணீர் அருந்துவேன். என் பொறுப்பாம். சொல்லும்போது சும்மா சொல்லிவிட்ட அந்த வரி இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏன், என் பொறுப்பு என்றால் நான் போக வேண்டிய நேரத்துக்குப் போவதும் என் பொறுப்புத்தானே, அதை மட்டும் ஏன் சூப்பர்வைசர் கோதண்டம் சார் கையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கிற புத்தி எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. அப்புறம் மேடம் எல்லாரும் மூடியைத் திறங்க என்றாள். தலைமை ஆபீஸிலிருந்து வீடியோ எடுக்க வந்திருந்தார்கள். மரகதம் விவரமானவள், வாயில் ஒரு மடக்கை வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள், வரிசையில் பாதிப் பேர் போட்டிருந்த கணக்கும் அதுதான். ஆனால் படத்தில் இருக்கிற அக்கா முதல்ல வரட்டும் என்று மேடம் அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். கேமரா மூக்குக்கு நேராக. குடித்தாள். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாள் மேடம். கவிழ்த்துக் காட்டினாள். கைதட்டல். அவள் கவிழ்த்ததும் வரிசை மொத்தமும் குடித்துக் கவிழ்த்தது. இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தியும் செய்யாத காரியத்தை, செய்யவே கூடாது என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்த காரியத்தை, கேமரா பார்க்கிறது என்பதற்காக எல்லாரும் ஒன்றாகச் செய்தார்கள். இவளைப் பார்த்துச் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இங்கே யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அது ஒரு வழக்கம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பழகிவிடும். காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே வாயைக் கட்டிவிட வேண்டும். கேன்டீனில் ரசம் வாங்க மாட்டார்கள், மோர் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்கள், வெயில் காலத்தில் தர்பூசணி வைத்தாலும் ஆம்பிளைகள் பக்கம்தான் காலியாகும். நாக்கு ஒட்டினால் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. ஏனென்றால் இத்தனை நீள லைனுக்கும் ரிலீவர் ஒரே ஒருத்தி, ரூபாவதி. பச்சைத் தொப்பி போட்டிருப்பாள். போக வேண்டும் என்றால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவள் வரிசைப்படி வந்து இடத்தில் நிற்பாள், ஓடிப் போய் ஓடி வர வேண்டும். தூரத்தில் எங்கேயாவது அந்தப் பச்சைத் தொப்பி நகர்கிறதா என்று பார்ப்பதே பாதி வேலை. இன்றைக்கு லைன் ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு கை எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளைகள் தூக்குகிற மாதிரி வரிசையாக எல்லாக் கையும். கோதண்டம் சார் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "இன்னாம்மா இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா வரும்?" என்றார். ஒரே நேரத்தில் குடிக்க வைத்தால் ஒரே நேரத்தில்தான் வரும் என்பது அந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துதான் கேட்கிறாரா. அவருக்குச் சர்க்கரை வியாதி. மணிக்கொரு தரம் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு எழுந்து போவார், ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வருவார். யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் போகும்போது அந்த இடத்தில் நிற்க ஒரு ரிலீவரும் தேவைப்பட்டதில்லை, அவர் இல்லாவிட்டாலும் லைன் ஓடும். சிவப்பு, கிளிக். ரூபாவதி அந்தக் கோடியில் நின்றாள். இன்னும் எத்தனையோ பேர் தாண்டி வர வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் காற்றுக் குழாய் உஸ்ஸென்று கசிந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு வளையம் தேய்ந்திருக்கும், போன மாதமே சொல்லியாகிவிட்டது, மாற்றவில்லை. உஸ். மற்ற நாளில் காதில் விழாத சத்தம். உஸ்ஸு, உஸ்ஸு என்று மகனைக் காலில் உட்கார வைத்துக்கொண்டு அவள் ஊதிய சத்தம் இதேதான், ஊதி முடிப்பதற்குள் சர்ரென்று அடிப்பான், புடவையெல்லாம் வெதுவெதுவென்று நனையும், பொறுக்கித் தடியா என்று கொஞ்சுவாள். நினைக்காதே. வேறு எதையாவது நினை. மகன் இப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான், கணக்கு வகுப்பு, கேட்டதும் விடுவார்கள், ஒற்றை விரலைக் காட்டினால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இருக்கிற உரிமை பெற்றவளுக்கு இல்லை. உஸ். தொடையை ஒன்றோடொன்று இறுக்கினாள். இறுக்கியதும் முதுகில், விலாவுக்குக் கீழே, சின்னதாக ஒரு சுருக். வந்துவிட்டதா. இல்லை, நின்ற அலுப்பாக இருக்கும். போன முறையும் இப்படித்தான் நின்ற அலுப்பு என்று நினைத்தாள். அப்புறம் நடுக்கக் காய்ச்சல், போர்வை மேல் போர்வை போட்டும் பல் அடித்துக்கொண்டது, வீட்டுக்காரர் உஷ்ணம் என்று இளநீர் வாங்கி வந்து ஊற்றினார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் போக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இன்னொரு தடவை அடக்காதீங்க. கிட்னிய மாத்தி வைக்கிறது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றார். அடக்காதீங்க. சொல்வது சுலபம். அந்தம்மா எத்தனை நோயாளி பார்த்த பிறகு எழுந்து போவாரோ, பாவம், அவரும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

அந்தக் காய்ச்சல் அவளோடு நிற்கவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி நீர்க்கடுப்பு, காய்ச்சல், முதுகுவலி என்று லீவு போட்டார்கள். ஆபீஸில் யாரோ கண்டுபிடித்தார்கள், பெண்கள் இந்த ஒரே வியாதியில்தான் அதிகம் படுக்கிறார்கள் என்று. கண்டுபிடித்தது நியாயம்தான். அதற்குக் காரணம் என்ன என்று கூட்டம் போட்டார்கள். அதுவும் நியாயம்தான். அபிநயா மேடம் லைனுக்கே வந்து, அக்கா அக்கா என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டாள். நீங்க தண்ணி குடிப்பீங்களா அக்கா. இல்லை மேடம். ஏன் அக்கா. போகணும்னா எங்க இடத்துல நிக்க ஆள் இல்ல மேடம். மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், கண்ணில் ஈரம்கூட இருந்தது, நல்ல பெண்தான், கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். கேட்டதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பெண் ஊழியர்கள் தண்ணீர் குடிப்பதில்லை, விழிப்புணர்வு இல்லை. விழிப்புணர்வு வந்தால் சரியாகிவிடும். ஆகவே பாட்டில், ஆகவே படம், ஆகவே பலூன். இன்னொரு ரிலீவரைப் போடுங்கள் என்று ஊரே சொன்னதற்கு நீலக் கலரில் பாட்டில் வந்தது. மேடத்தின் மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், அதில் எலுமிச்சை வட்டம் மிதக்கும். அவள் நாற்காலிக்குப் பின்னால் நாலு எட்டு நடந்தால் ஆபீஸ் பாத்ரூம், வாசனை வரும். தாகம் எடுத்தால் குடிக்கிறாள், வந்தால் போகிறாள், இதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. அவளைச் சொல்லி என்ன. இந்தப் படத்துக்குச் சரி என்று சொன்னது யார். லைன் லீடர் இடம் காலியாகிறது, மரகதம் மாதிரி ஆள்தான் வேண்டும் என்று கோதண்டம் சார் ஜாடையாகச் சொன்னார், திங்கட்கிழமை பேர் சொல்வார்கள் என்றார். லைன் லீடர் என்றால் பலகை முன்னால் நிற்க வேண்டாம், கையில் அட்டையோடு நடக்கலாம், நடக்கிறவள் எங்கே போகிறாள் என்று யார் கேட்பார்கள். மனசார அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். சம்பளம் பிறகு. நினைத்தபோது ஒண்ணுக்குப் போகிற பதவி. இதைவிடக் கேவலமான ஆசை உலகத்தில் இருக்கிறதா என்று நினைக்கையில் கோபம் கோபமாக வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் ஒரு வம்பும் கூடாது. அதுவரைக்கும் சிரித்த மூஞ்சி சுவரில் இருக்கட்டும்.

"அக்கா." பக்கத்துப் பலகையிலிருந்து செல்லக்கிளி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத பெண், வந்தவாசிப் பக்கம், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். காலையில் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணி ஜில்லுன்னு நல்லா இருக்குக்கா என்று சொன்ன ஒரே ஜீவன். அவளிடம் இருப்பது மஞ்சள் கனெக்டர். வண்டி மோதினால் உப்பி வந்து ஆளைக் காப்பாற்றுகிற பை இருக்கிறதே, அதற்குப் போகிற இணைப்பு. அதை மட்டும் எல்லாரும் தொடக் கூடாது. தனியாகப் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதினவர்கள்தான் தொடலாம், அவர்கள் போட்டோ அந்த இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கும். இப்போது இரண்டே போட்டோ. ஒன்று செல்லக்கிளி, இன்னொன்று மரகதம், முன்பு அங்கே நின்றவள். ரூபாவதிக்கு அந்தப் பரீட்சை வைக்கவே இல்லை. அடுத்த மாதம் வைக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ மாதம் போயாயிற்று. ஆக, பச்சைத் தொப்பி எல்லார் இடத்துக்கும் வரும், அந்தப் பெண் இடத்துக்கு மட்டும் வராது. டீ நேரம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். இதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் எல்லாரோடும் கையைத் தூக்கிவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். "அக்கா, எனக்கு யாருக்கா வருவாங்க?" என்று கேட்டாள், கண்ணைப் பலகையிலிருந்து எடுக்காமல். வருவாங்க, பொறுத்துக்க என்றாள் மரகதம். சொன்ன உடனே வாயைக் கடித்துக்கொண்டாள். யார் வருவாங்க. மேலே ஒட்டியிருக்கிற இரண்டாவது போட்டோ யாருடையது. கோதண்டம் சார் அந்த வழியாக வந்தார். சார், கிளிக்கு ஆள் இல்லையே என்றாள் மரகதம், தாழ்ந்த குரலில்தான். அவர் செல்லக்கிளியைப் பார்க்காமல் மேலே இருந்த போட்டோக்களைப் பார்த்தார். ரூபா உன் இடத்துக்கு வரும்போது நீ வேணா அந்த இடத்துல நின்னு அவளை அனுப்பு, ஆனா ஒரு தடவைக்கு ஒருத்தர்தான், நீ போறியா அவ போறாளான்னு நீயே பாத்துக்க என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போனார். பெரிய உபகாரம் செய்த மாதிரி போனார். போன திசையும் கக்கூஸ் இருக்கிற திசைதான்.

நீயே பாத்துக்க. சிவப்பு, கிளிக். நீயே பாத்துக்க. எவ்வளவு அழகாகக் கையைக் கழுவிவிட்டார்கள். ஆள் போடாதது அவர்கள், பரீட்சை வைக்காதது அவர்கள், குடிக்க வைத்ததும் அவர்கள். கடைசியில் இரண்டு பொம்பிளைகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், யாருடைய வயிறு பெரியது என்று. சின்னப் பெண், அவள் தாங்குவாள், இந்த வயதில் நான் தாங்கவில்லையா என்று ஒரு குரல் உள்ளே சொல்லியது. அது யார் குரல் என்று மரகதத்துக்குத் தெரியும். அம்மாவின் குரல். கருக்கலில் ஒரு தரம், இருட்டின பிறகு ஒரு தரம், இடையில் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பொம்பிளைக்கு வயிறே கிடையாது என்று வளர்த்தவள். ஏரிக்கரை முள்ளுக்குள் ஒருத்தி உட்கார, ஒருத்தி காவல் நிற்பாள், சைக்கிள் வந்தால் பாதியில் எழுந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குப் பூட்டு, சாவி ஹெட்மாஸ்டரிடம், ஹெட்மாஸ்டரிடம் போய் எந்தப் பெண் கேட்பாள். அடக்கு. பஸ்ஸில் அடக்கு. கல்யாண வீட்டில் அடக்கு. பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் காபி குடித்து முடிக்கிற வரைக்கும் அடக்கிக்கொண்டுதான் நின்றாள், அதைப் பார்த்து அடக்கமான பெண் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். புகுந்த வீட்டில் கக்கூஸ் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு முதல் நாள் அவள் சும்மாவே கொஞ்ச நேரம் உள்ளே நின்றாள், அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள். வெள்ளை டைல்ஸ் போட்ட கம்பெனியில், ஏசி போட்ட ஹாலில், மறுபடியும் முள்ளுக்குள் உட்கார்ந்து சைக்கிள் வருகிறதா என்று பார்க்கப்போகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அம்மாவுக்கு வேறு வழி இல்லை, ஊரில் கட்டவில்லை. இங்கே கட்டியிருக்கிறார்கள். பளபளவென்று கட்டி, கண்ணாடி மாட்டி, சோப்பு வைத்து, போக விடாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது நெற்றியில் வியர்த்தது. ஏசியில் வியர்க்கக் கூடாது. காய்ச்சல் வரும்போது இப்படித்தான் முதலில் நெற்றி மட்டும் வியர்க்கும். விலாவுக்குக் கீழே மறுபடியும் சுருக், இந்தத் தடவை அலுப்பு என்று ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. கிட்னி எப்படி இருக்கும், அவரைக்கொட்டை மாதிரி என்று மகன் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. இரண்டு இருக்கிறது, ஒன்று போனாலும் பரவாயில்லை என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது. சொன்னவனுக்கு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். பச்சைத் தொப்பி பாதி லைன் தாண்டிவிட்டது. வா தாயி. வா. இல்லை, வராதே, வந்தால் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்று செய்யலாம், தான் போய்விட்டு ஓடி வந்து பிறகு கிளியின் இடத்தில் நிற்கலாம். முடியாது. தன் இடத்தில் நிற்கிற ரூபா அதற்குள் அடுத்தவளிடம் போயாக வேண்டும், அந்த அடுத்தவளும் கவிழ்த்துக் காட்டியவள்தான். கிளியை முதலில் அனுப்பிவிட்டுத் தான் டீ வரைக்கும் பொறுக்கலாம். டீ நேரத்தில் கக்கூஸ் வாசலில் வரிசை பஸ் ஸ்டாண்டு மாதிரி நிற்கும், உள்ளே போவதற்குள் மணி அடித்துவிடும். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கிறார். இன்னொரு தடவை அடக்காதீங்க. அப்புறம் கிளியை அனுப்பாமல் இருந்தால். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லாருக்கும் ஆனது. பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு காலின் மேல் இன்னொரு காலை முறுக்கிக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தம் இல்லை, உதடு எதையோ முணுமுணுத்தது. சாமி பேராக இருக்கலாம், உறுதிமொழியாகவும் இருக்கலாம். கை மட்டும் மஞ்சள் கனெக்டரைச் சரியாகச் செருகிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுத்தபடி இழுத்துப் பார்த்துச் சோதித்தது. யாரோ ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை அவ்வளவு கவனமாகச் செருகுகிறது. அது உடுப்பை நனைத்துக்கொண்டால் அப்போது ஒரு துணியும் டெட்டாலும் கொண்டு வருவார்கள், அபிநயா மேடம் தோளில் கை வைத்துப் பரவாயில்லம்மா என்பாள். நாளையிலிருந்து அந்தப் பெண் எப்படி இந்த லைனுக்குள் நடந்து வரும். வராது. ஊருக்குப் போய்விடும், ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால் சொல்லவும் சொல்லாது. மரகதத்துக்கு வந்தது அழுகை இல்லை, நெருப்பு.

"போக்கா, சீக்கிரம்" என்று ரூபாவதி வந்து இடித்துக்கொண்டு நின்றாள். அவளும் காலையில் குடித்தவள், அவள் இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது மரகதத்துக்கு அப்போதுதான் உறைத்தது, பச்சைத் தொப்பிக்குக் கீழே அந்த முகமும் வெளிறித்தான் இருந்தது. மரகதம் பலகையிலிருந்து கையை எடுத்தாள். கை சும்மா ஆனதும் உடம்பு முழுக்க அந்தப் பக்கமே இழுத்தது, கதவு, தாழ், வெளிச்சம். நீ போறியா, அவ போறாளா. எதற்கு நான் சொல்ல வேண்டும். யார் போட்ட கணக்கு இது, என் கையில் ஏன் திணித்தார்கள். சுவரில் இருக்கிறவள் இன்னும் இளித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே லைன் நெடுக ஓடுகிற சிவப்புக் கயிறு. கனெக்டரில் தப்பு வந்தால் மட்டும் இழுக்க வேண்டிய கயிறு, அதை இழுத்தால் எல்லாப் பலகையும் நிற்கும், ஆபீஸ் வரைக்கும் விளக்கு எரியும், இழுத்தவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், திங்கட்கிழமை சொல்கிற பேரில் அவள் பேர் இருக்காது. காரில் போகிறவர்களுக்குத் தப்பு நடந்தால் நிறுத்தலாம். கார் செய்கிறவர்களுக்கு நடந்தால் நிறுத்தக் கூடாதாம். திங்கட்கிழமை நாசமாய்ப் போகட்டும். மரகதம் எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

சங்கிலி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு சிவந்தது. லைன் நின்றால் பாடுகிற அந்தப் பொம்மைப் பாட்டு மெட்டு ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. எல்லாரும் திரும்பினார்கள். "கிளி, போ. ஓடு" என்றாள் மரகதம். அந்தப் பெண் ஒரு கணம் புரியாமல் நின்றுவிட்டுப் பிறகு ஓடியது. ரூபாவதி தொப்பியைக் கழற்றிப் பலகை மேல் வைத்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடினாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நின்ற பலகைகளை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக, பிறகு கும்பலாக, லைன் மொத்தமும் நடக்க ஆரம்பித்தது. கோதண்டம் சார் எதிர்த் திசையிலிருந்து, ஈரக் கையோடு, மூச்சிரைக்க வந்தார். எந்தக் கனெக்டர், என்ன தப்பு என்று பலகை பலகையாகக் குனிந்து பார்த்தார். கனெக்டர்ல தப்பு இல்ல சார் என்றாள் மரகதம். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது, சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"தப்பு இல்லாம லைன் நிறுத்துவாங்களா? ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. காரணம் போடாம லைன் மறுபடி ஓடாது. இன்னான்னு போடறது?"

மரகதம் காலி பாட்டிலை எடுத்து, காலையில் காட்டின மாதிரியே அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"தண்ணி குடிச்சோம்னு போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் போன பக்கம் அவளும் நடந்தாள்.